பழைய செயின் டிராக்டரை ஓட வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதவரத்தைத் தாண்டிச் செங்குன்றம் போகிற வழியில் எனக்கு ஒரு தகர ஷெட் இருக்கிறது. அதில் நிற்பது 1950-களில் வந்த கேட்டர்பில்லர் டி2. திருவள்ளூர் பக்கம் ஒரு மாந்தோப்பில் பதினெட்டு வருடம் மழையில் நனைந்துகொண்டு நின்ற வண்டி. அதை மறுபடி ஓட வைக்க எனக்கு மூன்று வருடம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்க வருகிறவர்களும் போனில் கூப்பிடுகிறவர்களும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்ல முடியவில்லை என்பதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

"செயின் டிராக்டர்னா புல்டோசர்தானே? எதுக்கு ரெண்டு பேரு?"

வண்டி ஒன்றுதான். சக்கரத்துக்குப் பதிலாக இரும்புச் செயின்மேல் ஓடும் டிராக்டர்தான் அடிப்படை. அதன் முன்னால் பிளேடு மாட்டினால் புல்டோசர். 1940, 50-களில் வந்த பல வண்டிகளில் பிளேடே கிடையாது. பின்னால் கலப்பையோ ஸ்கிரேப்பரோ கட்டி இழுக்கத்தான் வாங்கினார்கள். நாம் பார்த்ததெல்லாம் பிளேடு வண்டி என்பதால் நம்மூரில் எல்லாமே புல்டோசர் ஆகிவிட்டது.

செயின் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் ஸ்டாக்டன் ஊரைச் சுற்றியுள்ள டெல்டா நிலம் கால் வைத்தால் உள்ளே போகும் மண். நீராவி டிராக்டருக்குச் சக்கரத்தை எவ்வளவு அகலமாகப் போட்டாலும் புதைந்தது. பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் 1904 நவம்பரில் பின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, மரப்பலகைகள் பொருத்திய செயினை மாட்டி ஓட்டிப் பார்த்தார். 1925-இல் ஹோல்ட் கம்பெனியும் அவருக்குப் போட்டியாக இருந்த பெஸ்ட் கம்பெனியும் இணைந்து உருவானதுதான் கேட்டர்பில்லர்.

"நம்ம நாட்டுல இதெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சு? இப்ப எது கிடைக்கும்?"

சுதந்திரத்தையொட்டிய வருடங்களில் மத்திய இந்தியாவில் லட்சக்கணக்கான ஏக்கர் நிலம் காஸ் என்கிற நாணல் வகைப் புல் மண்டித் தரிசாகக் கிடந்தது. அதன் வேர் ஆழமாகப் போகும். மாட்டு ஏருக்கு மசியாது. சென்ட்ரல் டிராக்டர் ஆர்கனைசேஷன் என்று ஓர் அரசு அமைப்பைத் தொடங்கி, இரண்டாம் உலகப் போர் முடிந்து மிஞ்சிய அமெரிக்க ராணுவ வண்டிகளை வைத்து உழுதார்கள். 1949-இல் உலக வங்கி கொடுத்த 1 கோடி டாலர் கடனில் புது வண்டிகளும் வந்தன. பிறகு 1964-இல் பெமல் என்கிற பொதுத்துறை நிறுவனம் தொடங்கப்பட்டு, கோலார் தங்கவயலில் ஜப்பானின் கோமாட்சு கம்பெனி வடிவமைப்பில் டோசர்கள் செய்ய ஆரம்பித்தார்கள்.

அதனால் கையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை: கேட்டர்பில்லர் டி2, டி4, டி6 போன்றவை, இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் டிடி வரிசை, பெமலின் டி50, டி80. நம் வேளாண்மைப் பொறியியல் துறை விவசாயிகளுக்கு மணிக்கணக்கில் டோசர் வாடகைக்கு விடுகிறது. ஓய்ந்துபோன அரசு வண்டிகள் ஏலத்துக்கு வரும். முதல் வண்டி எடுக்கிறவர் சின்னதாக எடுங்கள். டி2 பிளேடு இல்லாமல் மூன்றரை டன் வாக்கில் இருக்கும், டி4 ஐந்து டன்னை நெருங்கும். போர்க்கால டி7 என்றால் சுமார் 11 டன். அதன் ஒரு பக்கச் செயினைக் கழற்றவே கிரேன் கூப்பிட வேண்டும்.

"அண்ணே, ஒரு வண்டி பார்த்து வெச்சிருக்கேன். எஞ்சின் சுத்துது. வாங்கிடலாமா?"

எஞ்சின் சுற்றுவது நல்ல செய்திதான். ஆனால் விலையைத் தீர்மானிக்க வேண்டியது எஞ்சின் இல்லை, கீழ்ப்பாகம். செயின், அதன்மேல் வண்டி உருளும் ரோலர், முன்னால் செயினைத் தாங்கும் ஐட்லர் சக்கரம், பின்னால் அதை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் ஆகிய இவற்றில்தான் செயின் வண்டியின் பராமரிப்புச் செலவில் ஏறக்குறைய பாதி போய்ச்சேரும். எஞ்சின் எவ்வளவு கெட்டாலும் சென்னையில் லைனர் போட, கிராங்க் கிரைண்டிங் செய்ய, வால்வு சீட் வெட்ட ஆள் இருக்கிறார்கள். தேய்ந்த செயினுக்குப் பதில் செயின் வேண்டுமென்றால் அப்படி ஒரு தெருவுக்குப் போய் வாங்கிவர முடியாது. பார்க்கப் போகிற அன்று வேட்டியோ பேன்டோ அழுக்கானாலும் பரவாயில்லை என்று கீழே படுத்துப் பாருங்கள்.

முதலில் ஸ்ப்ராக்கெட் பல். புதுப் பல்லின் முனை மழுங்கலாக, இரு பக்கமும் ஒரே சாய்வாக இருக்கும். தேய்ந்தது சுறா மீனின் துடுப்பு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து கூராகியிருக்கும். அடுத்து ரோலர். ஒவ்வொன்றையும் கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள். ஆடினால் புஷ் போயிற்று, அடியில் எண்ணெய்க் கறை இருந்தால் சீல் போயிற்று. பிறகு செயின் கண்ணிகளைக் கோக்கும் பின், அதன்மேல் உறையாக இருக்கும் புஷ். ஸ்ப்ராக்கெட் பல்லுக்கும் செயினுக்கும் நடுவில் ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து வண்டியை மெல்ல நகர்த்தினால் செயின் விறைக்கும். அப்போது மாஸ்டர் பின்னை (செயினைப் பிரிக்கக் கழற்றும் பின்) விட்டுவிட்டு நான்கு கண்ணிகளின் நீளத்தை டேப்பில் அளந்து, அந்த மாடலின் புது அளவோடு ஒப்பிடுங்கள். நீண்டிருக்கும் அளவுதான் தேய்மானம். வண்டி நகரவே நகராது என்றால், ஐட்லர் எவ்வளவு முன்னால் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இதற்குமேல் தள்ள இடமில்லை என்கிற நிலையில் இருந்தால் செயின் தன் ஆயுளை முடித்துவிட்டது.

விற்பவர் பெரும்பாலும் இரும்பு எடைக்குத்தான் விலை சொல்வார். காயலான் கடை விலைக்கு மேலே நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் இந்தக் கீழ்ப்பாகத்துக்காகத்தான் இருக்க வேண்டும். பெயின்டுக்காக அல்ல.

"பேப்பர் எதுவும் இல்ல, சும்மா எடுத்துட்டுப் போங்கனு சொல்றாங்க. எடுக்கலாமா?"

வேண்டாம். ஆர்.சி. புத்தகம் இல்லாத பழைய வண்டிகள் நிறைய உண்டு, அது பெரிய விஷயமில்லை. ஆனால் யாரிடமிருந்து வந்தது என்பதற்கு ஒரு காகிதமாவது வேண்டும். அரசு ஏலம் என்றால், பெரும்பாலும் மத்திய அரசு நிறுவனமான எம்எஸ்டிசி வழியாக நடக்கும், டெலிவரி ஆர்டரும் பில்லும் கிடைக்கும். தோட்டத்துக்காரரிடம் வாங்கினால் சீரியல் எண் எழுதிய விற்பனை ரசீது வாங்கிக் கையெழுத்து போட வையுங்கள். லாரியில் ஏற்றிக்கொண்டு வரும்போது வழியில் நிறுத்திக் கேட்டால் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

"சீரியல் எண் எங்க இருக்கும்? அதுல என்ன தெரியும்?"

கேட்டர்பில்லர் என்றால் எஞ்சினில் ஒரு தகடு இருக்கும். வண்டியின் பின்பக்கப் பெட்டியிலும் பொறித்திருப்பார்கள். எண்ணின் முன்னால் வரும் குறி முக்கியம். டி2-வில் 3ஜே, 5ஜே என்றால் 1938 முதல் 1947 வரை வந்தவை. 4யூ, 5யூ என்றால் அதன்பிறகு 1957 வரை. 3ஜேவும் 4யூவும் இரண்டு செயின்களுக்கும் நடுவே 40 அங்குல இடைவெளி கொண்ட குறுகல் வண்டி, மற்ற இரண்டும் 50 அங்குலம். ஜே வண்டியின் எஞ்சின் சிலிண்டர் விட்டம் 3¾ அங்குலம், யூ வண்டியில் 4 அங்குலம். இதைத் தெரிந்துகொள்ளாமல் பிஸ்டன் ஆர்டர் போட்டு ஏமாந்தவர்கள் உண்டு. எஞ்சினில் உள்ள எண்ணும் பின்னால் உள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் யாரோ எஞ்சினை மாற்றியிருக்கிறார்கள். அது குறையில்லை, ஆனால் பாகம் வாங்கும்போது எஞ்சினுக்கு ஒரு எண், அடிப்பாகத்துக்கு ஒரு எண் என்று இரண்டையும் சொல்லிக் கேட்க வேண்டும்.

"ரோட்ல ஓட்டிட்டு வந்துடலாமா? ரெண்டு கிலோமீட்டர்தான்."

இருநூறு மீட்டர்கூட வேண்டாம். செயினில் உள்ள இரும்பு ஷூ (தரையைத் தொடும் தகடு) தார் சாலையைக் கொத்திப் போட்டுவிடும். லோ-பெட் டிரெய்லர்தான் வழி. ஏற்றும்போது மரக்கட்டை போட்டு ஏற்றுங்கள். இரும்பின்மேல் இரும்பு வழுக்கும், அதுவும் மழை நாளில் சோப்புப் போட்ட மாதிரி. ஓடாத வண்டியை வின்ச் வைத்து இழுக்கும்போது கம்பி வடத்தின் நேர்க்கோட்டில் யாரையும் நிற்க விடாதீர்கள்.

"எஞ்சின் ஜாம் ஆகிக் கிடக்கு. இன்னொரு டிராக்டர்ல கட்டி இழுத்தா விட்டுடுமா?"

விட்டுவிடும், கூடவே கனெக்டிங் ராடும் வளைந்துவிடும். இழுக்கக் கூடாது.

முதலில் ஜாம் ஆகியிருப்பது பிஸ்டன்தானா என்று பாருங்கள். சில சமயம் ஸ்டார்ட்டிங் எஞ்சினின் (டீசலைக் கிளப்பும் குட்டி எஞ்சின், அடுத்த கேள்வியில் வரும்) பினியன் ஃப்ளைவீல் பல்லில் மாட்டிக்கொண்டிருக்கும், அல்லது வால்வு துருப்பிடித்துத் திறந்தபடி நிற்கும். பிஸ்டன்தான் என்றால் டீசலைத் தெளிக்கும் நாசில்களைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றுங்கள். பழைய கேட்டர்பில்லரில் முன் எரிப்பு அறை இருக்கும், அதன் துவாரம் சின்னது, எண்ணெய் இறங்க நேரமாகும். ஒரு வாரம், பத்து நாள் விடுங்கள். பிறகு ஃப்ளைவீலை நெம்புகோலால் முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். ஒரே பக்கமாகத் திருப்பப் பார்க்காதீர்கள். எனக்கு இருபத்திரண்டாம் நாள் கால் அங்குலம் அசைந்தது. அன்று ஷெட்டில் இருந்த எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

அசைந்ததும் உடனே ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். ஊற்றிய எண்ணெய் சிலிண்டரில் நிற்கும். நாசில் இல்லாமலே சுற்றி அதை வெளியே தள்ளிவிட்டு, சம்ப்பில் (எஞ்சினின் அடித்தொட்டி) உள்ள ஆயிலையும் மாற்றிய பிறகுதான் மற்றது.

"பக்கத்துல ஒரு குட்டி பெட்ரோல் எஞ்சின் இருக்கே, அது எதுக்கு? கழட்டிட்டு செல்ஃப் மோட்டார் போட்டா என்ன?"

அது பெரிய டீசலைக் கிளப்புவதற்கான எஞ்சின். கயிறு சுற்றியோ கைப்பிடி சுற்றியோ இந்த இரண்டு சிலிண்டர் குட்டியை முதலில் கிளப்ப வேண்டும். பிறகு பினியனைக் கோத்து, கிளட்சை விட்டால் அது டீசலைச் சுற்றும். சிலிண்டரில் அழுத்தம் சேராமல் விடும் கம்ப்ரஷன் லிவர் திறந்திருப்பதால் டீசல் சும்மா சுற்றும், அதற்குள் ஆயில் பிரஷர் ஏறிவிடும். குட்டியின் புகைக்குழாய் டீசலின் காற்றுக்குழாய்க்குள்ளே போவதாலும், இரண்டுக்கும் ஒரே தண்ணீர் ஓடுவதாலும் பெரிய எஞ்சின் சூடேறிவிடும். அப்போது லிவரை மூடி டீசலைத் திறந்தால் அது பிடித்துக்கொள்ளும்.

பேட்டரி உறைந்துபோகும் குளிர்நாட்டுக்காக யோசித்த ஏற்பாடு, சென்னை வெயிலுக்கு இவ்வளவு தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் முதல் துளி டீசல் எரிவதற்குள் பேரிங்குகளுக்கெல்லாம் எண்ணெய் போய்விடுகிறதே, எழுபது வயது எஞ்சினுக்கு அதைவிட நல்லது எது? என் கருத்து, குட்டியைக் கழற்றியவர் வண்டியின் பாதி சுகத்தைக் கழற்றிவிட்டார். தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் மேக்னெட்டோவின் காயிலைச் சுற்றக் கொடுத்து, பாயின்ட்டைச் சுத்தம் செய்தால் பத்தில் எட்டுக் குட்டிகள் கிளம்பிவிடும்.

"குட்டி எஞ்சினுக்கு பங்க்ல விக்கிற பெட்ரோல் போடலாமா?"

போடலாம், ஆனால் விட்டு வைக்கக் கூடாது. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், சென்னையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. பழைய கார்புரேட்டரில் தக்கை மிதவை இருந்தால் அதன்மேல் பூசிய அரக்கு எத்தனாலில் கரைந்துவிடும். பித்தளை மிதவையாக மாற்றுங்கள், ரப்பர் குழாய்களையும் மாற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் பெட்ரோல் வால்வை மூடி, கார்புரேட்டர் காயும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். சாவியால் நிறுத்துகிற பழக்கம் இங்கே ஆகாது. அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, பின்னால் ஆயில் கேள்வியில் வரும்.

"ஸ்டார்ட் ஆகிடுச்சு, கியர் விழுது, நேரா போகுது. ஆனா திரும்பவே மாட்டேங்குது!"

மழையில் நின்ற வண்டிகளில் பத்தில் ஒன்பதுக்கு இது உண்டு. செயின் டிராக்டருக்கு ஸ்டியரிங் வீல் இல்லை. இடது லிவரை இழுத்தால் இடது செயினுக்குப் போகும் சக்தி துண்டாகும், இடது பெடலை மிதித்தால் அது நிற்கும், வலது செயின் வண்டியைத் திருப்பும். அந்த ஸ்டியரிங் கிளட்ச் டி2 மாதிரி வண்டிகளில் எண்ணெய் படாத உலர் வகை. பல தகடுகள் அடுக்கியது. சீட்டுக்கடியில் இறங்கும் மழைத்தண்ணீர் நேராக அங்கே போய்த் தகடுகளை ஒன்றோடொன்று துருவால் ஒட்டிவிடும்.

முதலில் அந்த அறைகளின் அடியில் உள்ள வடிகால் பிளக்கைத் திறந்து தண்ணீரை விடுங்கள். எனக்கு ஒரு பக்கத்தில் அரை வாளி வந்தது, கூடவே ஒரு தவளை. பிறகு லிவரை முழுக்க இழுத்துக் கயிற்றால் கட்டிவிட்டு, எஞ்சினைச் சூடேற்றி, திறந்த வெளியில் முன்னும் பின்னும் போய்ப் பிரேக்கை மிதியுங்கள். இரண்டு மூன்று நாளில் பல வண்டிகள் விட்டுக்கொடுக்கும். கொடுக்கவில்லை என்றால் கழற்றித்தான் ஆக வேண்டும், அது ஒரு மாத வேலை. கழற்றினால் பழைய லைனிங் தூளைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதாதீர்கள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

"செயினைக் கழட்டறது எப்படி? நாங்களே செய்யலாமா?"

செய்யலாம், ஆனால் இந்த வேலையில்தான் ஆட்களுக்கு அடிபடுகிறது. எல்லாப் பின்களும் ஒரே மாதிரி இல்லை. ஒன்று மட்டும் மாஸ்டர் பின், அதன் முனையில் குழியோ துளையோ அடையாளம் இருக்கும். அது முன் ஐட்லரின் நடு உயரத்துக்கு வரும்படி வண்டியை நிறுத்தி, மேல் செயின் சரிந்து விழாமல் கட்டை கொடுத்து, டென்ஷனைத் தளர்த்தி, பின்னை வெளியே அடிக்க வேண்டும். சம்மட்டியால் நேராகப் பின்னில் அடிக்காதீர்கள். நடுவில் மென்மையான இரும்புத் தண்டு வையுங்கள். கடினப்படுத்திய எஃகு மேல் சம்மட்டி பட்டால் சில்லு பறக்கும். என் முன்கையில் அப்படி ஒரு சில்லு இன்னும் இருக்கிறது, எடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண்ணாடி போட்டிருந்ததால் கையோடு போயிற்று.

செயினுக்குப் பின்னால், ஐட்லரைத் தள்ளிப் பிடித்திருக்கும் பெரிய சுருள்வில் இருக்கும். அதைக் கழற்றாதீர்கள். டன் கணக்கில் அழுத்தி அடைத்து வைத்த வில் அது, போல்ட் கழன்றால் ஆளைக் கொல்லும். கொஞ்சம் பிந்தைய வண்டிகளில் டென்ஷன் வைக்க கிரீஸ் சிலிண்டர் இருக்கும். அதன் வால்வைத் தளர்த்தும்போது ஒரு சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள், முகத்தை நேராக வைக்காதீர்கள். அந்த கிரீஸ் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும்.

"பின், புஷ் தேஞ்சிருக்கு. புதுசு கிடைக்கலை. வேற வழி?"

திருப்பிப் போடலாம். பின்னும் புஷ்ஷும் ஒரு பக்கம்தான் தேயும். பிரஸ்ஸில் வைத்துத் தள்ளி, அரை வட்டம் திருப்பி மறுபடி ஏற்றினால் தேயாத பக்கம் வேலைக்கு வரும், செயினும் பழைய நீளத்துக்குத் திரும்பும். ஒரே ஒரு தடவை செய்யலாம். இதற்கு நல்ல ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். அம்பத்தூர், திருமுடிவாக்கம் பக்கம் எக்ஸ்கவேட்டர் செயின் வேலை செய்யும் பட்டறைகளில் கேட்டுப் பாருங்கள். பழைய செயினைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சுறாத் துடுப்பு ஸ்ப்ராக்கெட்டையே விட்டுவைத்தால் காசு வீண், அதன் பல்லையும் வெல்டிங்கில் கட்டி அரைக்க வேண்டும்.

ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்ற ஃபிட்டர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் அவரை ஒரு நாள் கூட்டிவந்து காட்டுங்கள். எனக்குச் செயின் டென்ஷன் வைக்கச் சொல்லிக்கொடுத்தவர் அப்படி ஒருவர்தான். நாம் எல்லோரும் இறுக்கமாக வைக்கத்தான் பார்ப்போம். மேல் செயின் கொஞ்சம் தொய்ந்து இருக்க வேண்டும், டி2-வில் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம். இறுகிய செயின் தன்னைத் தானே தின்னும்.

"போல்ட் ரெண்டு சுத்து போகுது, அப்புறம் டைட் ஆகுது. மரை போயிடுச்சா?"

போகவில்லை, தப்பான போல்ட் போடுகிறீர்கள். அமெரிக்க வண்டியில் யூஎன்சி, யூஎன்எஃப் மரை. பழைய பிரிட்டிஷ் வண்டியில் விட்வொர்த். கோமாட்சு வழி வந்ததில் மில்லிமீட்டர். விட்வொர்த்தும் யூஎன்சியும் கால், முக்கால் என்று பல அளவுகளில் ஒரு அங்குலத்துக்கு ஒரே எண்ணிக்கை மரைதான். ஆனால் மரைக் கோணம் ஒன்றில் 55 டிகிரி, இன்னொன்றில் 60. அதனால் ஏறின மாதிரி இருக்கும், பிடிமானம் இருக்காது. அரை அங்குலத்தில் மட்டும் எண்ணிக்கையே வேறு, விட்வொர்த் 12, யூஎன்சி 13. நீங்கள் சொல்கிற "ரெண்டு சுத்து" அநேகமாக அதுதான். மரையை அளக்கும் ஒரு பிட்ச் கேஜ் வாங்கிப் பையில் வையுங்கள்.

"சென்னையில பார்ட்ஸ் எங்க தேடறது?"

வண்டியின் பெயரைச் சொல்லித் தேடினால் கிடைக்காது. அளவைச் சொல்லித் தேடினால் பாதி கிடைக்கும். பேரிங்கும் ஆயில் சீலும் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் தெரிந்தால் பாரிமுனைப் பக்கத்துக் கடைகளிலேயே முடிந்துவிடும். புதுப்பேட்டையில் ரேடியேட்டர், டைனமோ, கேபிள், விளக்கு. ஜி.பி. ரோட்டில் கேஸ்கட் தாள், லைனிங். ஹெட் கேஸ்கட், பிஸ்டன் ரிங் மாதிரி இதற்கென்றே ஆனவற்றை மட்டும் வெளிநாட்டிலிருந்து வரவழையுங்கள். பழைய கியர், ஷாஃப்ட் எல்லாம் நல்ல லேத் மேஸ்திரி கையில் கொடுத்தால் செய்து தருவார், மாதிரியை மட்டும் உடைந்தாலும் தூக்கிப் போடாதீர்கள்.

"டீசல் பம்ப்பை சர்வீஸுக்குக் கொடுத்தேன். முன்னைவிட மோசமா ஓடுது."

எனக்கும் இதே கதைதான். மைக்கோ கம்பெனி டீசல் பம்ப் வேலையில் பேர்போன ஒரு பட்டறையில் கொடுத்தேன். ஒரே பெட்டியில் எல்லாச் சிலிண்டருக்கும் பம்ப் இருக்கும் வகைதான் அவர்களுக்குப் பழக்கம். பழைய கேட்டர்பில்லரில் சிலிண்டருக்கு ஒரு தனிப் பம்ப். ஒவ்வொன்றின் பிளஞ்சரும் (உள்ளே ஓடும் தண்டு) பேரலும் (அதன் உறை) ஜோடி சேர்த்து அரைத்தவை. கழற்றி ஒரே தட்டில் போட்டுக் கழுவி, ஜோடி மாற்றிப் பூட்டிவிட்டார்கள். நான்கும் வீண். கொடுக்கும்போது ஒவ்வொரு பம்ப்பையும் தனிப் பையில் எண் போட்டுக் கொடுங்கள், கழற்றும்போது கூடவே நில்லுங்கள்.

"ரேடியேட்டருக்கு போர் தண்ணி போதும்தானே?"

அமெரிக்கப் புத்தகங்களில் "பனியில் உறைந்து பிளாக் வெடித்திருக்கிறதா பார்" என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. நம் எதிரி உப்புத்தண்ணீர். போர் தண்ணீர் ஊற்றி ஊற்றி லைனரைச் சுற்றி விரல் தடிமனுக்குச் சுண்ணாம்பு படிந்து, சூடு தாங்காமல் ஹெட் வெடித்த வண்டிகள்தான் இங்கே அதிகம். டிஸ்டில்டு வாட்டரும் துருத்தடுப்பு கூலன்ட்டும் ஊற்றுங்கள்.

"பிஎஸ்-6 டீசல் பழைய எஞ்சினுக்கு ஆகாதுன்னு சொல்றாங்களே?"

ஆகும். 2020 ஏப்ரலில் இருந்து வரும் டீசலில் கந்தகம் 10 பிபிஎம்தான். வழவழப்புக்கு வேறு சேர்ப்பொருள் கலந்துதான் வருகிறது. பழைய ரப்பர், தக்கை சீல்கள் சில சமயம் கசியும், மாற்றிவிட்டால் சரி. அதைவிட டேங்கின் அடியில் தேங்கும் தண்ணீருக்குத்தான் நான் பயப்படுவேன். வாரம் ஒரு முறை வடிகால் குழாயைத் திறந்துவிடுங்கள்.

"எந்தக் கலர் அடிக்கணும்? மஞ்சள்தானே?"

கேட்டர்பில்லர் 1931 டிசம்பர் வரை சாம்பல் நிறம், அதன்பிறகுதான் மஞ்சள். அந்த மஞ்சளும் 1979-இல் மாறியது. இப்போது கடையில் கம்பெனி பெயர் சொல்லி வாங்கும் மஞ்சளை 1950 வண்டிக்கு அடித்தால் தெரிந்தவர் கண்ணுக்கு உறுத்தும். டேங்க் மூடிக்கு அடியிலோ தகட்டுக்குப் பின்னாலோ பழைய பெயின்ட் மிஞ்சியிருக்கும், அதைக் காட்டிக் கலக்கச் சொல்லுங்கள். சுரண்டும்போது மாஸ்க் போடுங்கள், அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் உண்டு. சாண்ட் பிளாஸ்டிங் கொடுப்பதானால் ஆற்று மணல் வேண்டாம், நுரையீரலுக்குக் கேடு. ஸ்டீல் கிரிட் வைத்திருப்பவரிடம் போங்கள். நான் இன்னும் பெயின்டே அடிக்கவில்லை. ஓடுகிற வண்டிக்குத் துரு அழகாகத்தான் இருக்கிறது.

"குட்டி எஞ்சின் நல்லா சுத்துது, டீசல் மட்டும் பிடிக்கலை."

புகைக்குழாயைப் பாருங்கள். புகையே இல்லை என்றால் டீசல் போகவில்லை. காற்று அடைத்திருக்கும், ஃபில்டரில் இருந்து நாசில் வரை ஒவ்வொரு இடமாகத் தளர்த்திக் காற்றை எடுங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. இன்னும் ஐந்து நிமிடம் சூடேற்றுங்கள். அப்போதும் வெள்ளைதான் என்றால் வால்வோ ரிங்கோ அழுத்தத்தை விடுகிறது.

"ஊத்தின ஆயிலைவிட அளவு ஏறியிருக்கு. இது எப்படி?"

சந்தோஷப்பட வேண்டாம். குட்டி எஞ்சினில் ஏறியிருந்தால் பெட்ரோல். கார்புரேட்டர் ஊசி சரியாக மூடாமல் ராத்திரி முழுக்கச் சொட்டிச் சொட்டி சம்ப்பில் இறங்கியிருக்கும். மேலே பெட்ரோல் வால்வை மூடி நிறுத்தச் சொன்னதன் இன்னொரு காரணம் இதுதான். முகர்ந்தாலே தெரியும். அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் போகும். பெரிய எஞ்சினில் ஏறி, பால் கலந்த காபி மாதிரி இருந்தால் தண்ணீர். லைனர் அடி ரப்பர் வளையமோ ஹெட் கேஸ்கட்டோ போயிருக்கும். சம்ப்பைத் திறந்து அடியிலிருந்து பார்த்தால் எந்த லைனரில் இருந்து சொட்டுகிறது என்று தெரிந்துவிடும்.

"சார், பள்ளத்துல இறங்கும்போது இடது லிவரை இழுத்தா வலது பக்கம் திரும்புது. பயந்துட்டேன்."

பயப்பட வேண்டியதுதான், ஆனால் வண்டியில் கோளாறு இல்லை. சமதளத்தில் எஞ்சின் செயினைத் தள்ளுகிறது. இறக்கத்தில் வண்டியின் எடை செயினைத் தள்ள, எஞ்சின் அதைப் பிடித்து நிறுத்துகிறது. அப்போது இடது கிளட்சை விட்டால் இடது செயினைப் பிடிக்க யாருமில்லை, அது வேகமாக முன்னால் உருளும். வலது செயின் எஞ்சின் பிடியிலேயே மெதுவாகப் போகும். இடது பக்கம் முந்திப் போனால் வண்டி வலப்பக்கம்தானே திரும்பும்? இறக்கத்தில் லிவரோடு அதே பக்கப் பிரேக்கையும் சேர்த்து மிதியுங்கள், அல்லது எதிர்ப்பக்க லிவரை இழுத்துத் திருப்பப் பழகுங்கள். ஏரிக் கரையில் ஏறி இறங்கும் முன் நான்கு நாள் சமதளத்தில் ஓட்டிவிட்டு, பிறகு சின்னச் சரிவில் பழகுங்கள். கியரை மட்டும் இறக்கத்தின் நடுவில் மாற்றப் போகாதீர்கள்.

"அடைமழைக் காலத்துல எப்படி நிறுத்தி வெக்கறது?"

அக்டோபர் பிறப்பதற்குள் மரப்பலகை மேல் ஏற்றி நிறுத்துங்கள், செயின் சேற்றில் நிற்கக் கூடாது. இரண்டு ஸ்டியரிங் லிவரையும் இழுத்துக் கட்டிவிட்டால் தகடுகள் ஒட்டாது. வடிகால் பிளக்கைத் திறந்தே வையுங்கள், சீட்டுக்கு மேல் தார்ப்பாய். மாதம் ஒரு முறை கிளப்பி, முழுச் சூடு ஏறும்வரை ஓடவிட்டு, பத்தடி முன்னால் பத்தடி பின்னால் போங்கள். புகைக்குழாய் வாயை மூட மறக்காதீர்கள், அதன் வழியாக இறங்கும் தண்ணீர்தான் எஞ்சினை ஜாம் ஆக்குவது. என் வண்டியில் இருப்பது பழைய பால் பவுடர் டப்பா. கிளப்பும்போது எடுக்க மறந்தால் பக்கத்து ஷெட் கூரைவரை பறந்து போகும், அவர்களே கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள்.